அப்பா கட்டிய தொட்டியில் அல்லி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி பல வருடமாகச் சும்மா கிடந்தது. 5 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம். தோட்டத்து லயத்தை விட்டு, மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைக்குக் குடிவந்த புதிதில் அப்பா தன் கையால் கட்டியது. ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. பைப்பில் தண்ணீர் நின்றுபோகும் நாட்களுக்காகக் கட்டிய தொட்டி அது. 2014இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து வாளியில் மொண்டு போனார்கள். அப்பா போன பிறகு அதைக் கவனிக்க ஆளில்லை. ரம்புத்தான் மரத்து வேர் ஒரு பக்கச் சுவரை முட்டித் தள்ளி, மேலிருந்து கீழ்வரை விரிசல் விழுந்துவிட்டது.

இடித்துவிட்டு அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அல்லி போட்டுப் பாரேன் தம்பி" என்றார்.

அம்மா பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்து டிவிஷனில், புகைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்ததாம். ரப்பர் ஷீட் கழுவ அங்கிருந்துதான் தண்ணீர் எடுப்பார்கள். குட்டை நிறைய சிவப்பு அல்லி. பால் வெட்டுக்குப் போகும் பாட்டியோடு விடியும் முன்னே நடந்து போகும்போது அவ்வளவு பூவும் விரிந்து கிடக்கும் என்றார். அந்தக் குட்டையை மூடிச் செம்பனை நட்டுப் பல வருடமாகிறது. சரி, போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இதில் பூவைவிடச் சேற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். நான் செய்த தவறுகள் எல்லாம் அங்கேதான் நடந்தன.

முதல் வேலை விரிசல். மேலாகச் சாந்து பூசினால் நாலு மாதம்கூடத் தாங்காது. தொட்டிக்கு வெளியே தோண்டி, முட்டிக்கொண்டிருந்த வேரை அறுத்தேன். மறுபடி வராமலிருக்க மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பழைய ஜிங்க் தகட்டை இறக்கினேன். அப்புறம் உட்புறத்தில் விரிசல் நெடுக உளியால் வெட்டி, ஓர் அங்குல ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தேன். பள்ளத்தின் வாய் குறுகலாகவும் உள்ளே கொஞ்சம் அகலமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் சாந்து காய்ந்த பிறகு கழன்று வராது. தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல் கலந்து, ஹார்ட்வேர் கடையில் விற்கும் கசிவு தடுக்கும் மருந்தையும் சேர்த்து அழுத்தி அடைத்தேன். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு 7 நாள் காயவிடாமல் வைத்திருந்தேன். அந்த ஒட்டு இன்றுவரை ஒரு சொட்டு விடவில்லை.

ஆனால் அதே ஒட்டுதான் என் முதல் செடியைக் கொன்றது.

புதுச் சிமெண்டு சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டே இருக்கும். எனக்குத் தெரியாத விஷயமில்லை. செம்பனை மில்லில் பாய்லர் பக்கம்தான் என் வேலை. தண்ணீரின் காரத்தன்மையை பிஎச் தாளில் தோய்த்துப் பார்ப்பது தினசரிப் பழக்கம். ஒட்டுப்போட்ட இடம் கொஞ்சம்தானே, மற்றதெல்லாம் பழைய சிமெண்டுதானே என்று விட்டுவிட்டேன். ஒட்டுக்கு மேல் அழகுக்காகச் சுவர் முழுக்க ஒரு சிமெண்டுப் பால் அடித்திருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. செடி வைத்து இரண்டு வாரத்தில் புது இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. ஓரம் கருகியது. அப்போதுதான் தாளை எடுத்துத் தோய்த்தேன். 10க்கு மேல் காட்டியது. அல்லிக்கு 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. காரம் ஏறிய தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இலை வெளிறியது அதனால்தான்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுபவர், எட்டிப் பார்த்துவிட்டு, வாழை மரத்தை வெட்டிப் போடச் சொன்னார். கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், புதிதாக மீன் குளம் கட்டினால் அப்படித்தான் செய்வார்களாம். குலை தள்ளி முடிந்த இரண்டு மரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு, தொட்டி நிறையத் தண்ணீர் விட்டேன். ஒரு வாரத்தில் தண்டு அழுகி, தண்ணீர் பழுப்பாகி, நாற்றமெடுத்தது. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி நாலு நாள் விட்டேன். இப்படி மூன்று முறை நிரப்பி இறக்கினேன். மூன்றாவது முறை தாள் 7க்கும் 8க்கும் நடுவில் நின்றது. அதில் வாழைத்தண்டின் பங்கு எவ்வளவு, ஊறவைத்து இறக்கியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் செய்தேன், சரியானது. புதிதாகச் சிமெண்டுத் தொட்டி கட்டுகிறவர்கள் ஒரு மாதத்தை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

இனி மண். முதல் தடவை நான் போட்டது நர்சரியில் பையில் விற்கும் கறுப்பு மண். அதில் தேங்காய் நார்த்தூளும் கருக்கிய உமியும் கலந்திருக்கும். பூச்சட்டிக்கு அருமையான மண். தண்ணீருக்குள் வைத்தால் மிதக்கும். பேசினை இறக்கிய மறுநாள் காலையில் தொட்டி முழுக்கக் கறுப்புத் தூள், தண்ணீர் தேயிலைச் சாயம்.

அல்லிக்குக் கனமான களிமண் வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றி மண் நாலு விதம். வெள்ளீயம் தோண்டிப் போட்ட லோம்போங், அதாவது பழைய சுரங்கக் குட்டைகளின் பக்கம் வெறும் வெள்ளை மணல், அதில் சத்தே கிடையாது. கடற்கரைப் பக்கம் போனால் காம்புட் மண். கறுப்பாகச் செழிப்பாகத் தெரியும், ஆனால் இலைதழை மக்கிச் சேர்ந்த மண் அது, காய்ந்ததை அள்ளிப் போட்டால் மிதக்கும். மேட்டுத் தோட்டங்களில் சிவப்பு மண். நான் எடுத்தது தோட்டத்து எல்லையில் வாய்க்கால் வெட்டி மேலே போட்டிருந்த மஞ்சள் களிமண். ஈரமாக்கிக் கையில் உருட்டினால் முறுக்கு மாதிரி நீள வேண்டும், வளைத்தால் விரியக் கூடாது. அந்த மாதிரி மண் கிடைத்தால் வேறொன்றும் கலக்க வேண்டியதில்லை. கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டால் போதும்.

பாத்திரம், 16 அங்குல வாய் அகலமும் 8 அங்குல உயரமும் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் பேசின். அடியில் ஓட்டை வேண்டாம். ஆழமான பாத்திரத்தைவிட அகலமானது நல்லது. நம்மூர் வெப்பத்துக்கான அல்லிகளின் கிழங்கு நிமிர்ந்து வளரும். அதை பேசினின் நடுவில் வைக்க வேண்டும். குளிர்நாட்டு வகைகளின் கிழங்கு இஞ்சி மாதிரி படுத்துக்கொண்டு ஓடும். அவற்றை ஓரத்தில் வைத்து, முனை நடுவைப் பார்க்கும்படி நடுவார்கள். எதுவானாலும் இலை கிளம்பும் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைத்தால் அழுகும். நட்ட பிறகு மேலே ஓர் அங்குலத்துக்குப் பொடிக்கல் பரப்பினேன். மீன் மண்ணைக் கிளறாமலிருக்க அது உதவுகிறது.

பேசினைத் தொட்டிக்குள் இறக்கும்போது சாய்த்து மெதுவாகத் தண்ணீர் புகவிட வேண்டும். முதல் மாதம் கீழே செங்கல் அடுக்கி, மண்ணுக்கு மேல் 6 அங்குலத் தண்ணீர் இருக்கும்படி வைத்தேன். நாலைந்து இலை வந்ததும் செங்கல்லை எடுத்துவிட்டேன். இப்போது 14 அங்குலம் நிற்கிறது. தண்ணீர் எவ்வளவு உயரமோ பூத்தண்டும் அவ்வளவு நீளும் என்று தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்ததை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். செங்கல்லை எடுத்த அன்று எல்லா இலையும் முங்கிவிட்டன. மூன்றாம் நாள் காலை இளம் இலைகள் மேலே வந்து படுத்திருந்தன. முதிர்ந்த இலைகள் வரவில்லை. அவை நீளும் வயதைத் தாண்டிவிட்டவை. வெட்டி எறிந்தேன்.

செடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 15 சதுர அடித் தொட்டிக்கு இரண்டு செடிக்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஒன்று சுங்கை பூலோ நர்சரி வரிசையில் வாங்கியது. டாபென் என்று பெயர் சொன்னார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் சார்ல்ஸ் டாபெனியின் பெயரால் வழங்கும் பழைய கலப்பினம் அது. வெளிர்நீலப் பூ, உள்ளங்கையைவிடச் சிறியது, நல்ல வாசனை. கொஞ்சம் நிழல் விழுந்தாலும் பூக்கும் என்பதால்தான் அதை எடுத்தேன். அங்கே கருநீலத்தில் இன்னொன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. டைரக்டர் ஜார்ஜ் டி. மூர் என்ற வகை. அமெரிக்காவில் மிசூரி தாவரவியல் தோட்டத்தில் ஜார்ஜ் பிரிங் என்பவர் உருவாக்கி 1941இல் வெளிவந்தது. அந்த நிறத்தை நினைத்தால் இன்னும் மனது அடித்துக்கொள்கிறது. ஆனால் நெருக்கி வைத்தால் எதுவும் சரியாகப் பூக்காது, இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். வாங்காமல் வந்தேன்.

இரண்டாவது, அம்மா சொன்ன சிவப்பு அல்லி. இது எந்தக் கடையிலும் தேட வேண்டியதில்லை. பழைய லோம்போங்குகளை ஒட்டிய சதுப்பில் தானாக வளர்ந்து கிடக்கிறது. சாலையோரத்தில் நின்றபடியே நீண்ட தொரட்டிக் கம்பால் ஒரு கொடியை இழுத்து, கிழங்கோடு எடுத்தேன். லோம்போங்கில் மட்டும் இறங்காதீர்கள். கரை செங்குத்தாகப் போகும், இரண்டு எட்டு வைத்தால் ஆள் ஆழம்.

வெப்பநாட்டு அல்லியை அடையாளம் காண்பது எளிது. பூ தண்ணீரில் உட்காராமல் தண்டின்மேல் தலைதூக்கி நிற்கும். பெரும்பாலான வகைகளில் இலை ஓரம் ரம்பப்பல் போலிருக்கும். நீல நிறம் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் உண்டு. தாமரையோடு குழப்பிக்கொள்கிறவர்கள் இலையைப் பாருங்கள்: அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும், தாமரை இலை முழு வட்டம். குளிர்நாடுகளில் இந்த அல்லியை வளர்ப்பவர்கள் உறைபனிக்கு முன் கிழங்கைத் தோண்டி ஈர மணலில் பத்திரப்படுத்துகிறார்கள். நமக்கு வருடம் முழுக்க வெயில். அதற்கு நாம் கொடுக்க வேண்டியது உரம் மட்டும்தான்.

அந்த உரத்தில்தான் என் இரண்டாவது பெரிய தவறு. காய்ந்த ஆட்டுப் புழுக்கை கைவசம் இருந்தது. ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் அதைவிட நல்ல உரம் நான் கண்டதில்லை. பேசினின் அடியில் இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, மேலே களிமண் போட்டேன். பத்து நாளில் அடியிலிருந்து குமிழி வர ஆரம்பித்தது. அழுகல் நாற்றம். இரவு ஷிப்ட் முடிந்து காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால், கப்பி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. 11 மீன் செத்து மிதந்தது. சாணம் தண்ணீருக்குள் அழுகும்போது அதிலிருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். இரவில் செடிகளும் பிராணவாயுவை வெளிவிடாது. அதனால்தான் விடியற்காலையில் மீனுக்கு மூச்சு முட்டுகிறது. பேசினைத் தூக்கிக் கொட்டினேன். வேர் நுனியெல்லாம் கறுத்திருந்தது. கறுத்ததை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நட்டேன், பிழைத்துக்கொண்டது. அந்தப் பதினோரு மீனையும் ரம்புத்தான் மரத்தடியில் புதைத்தேன். அதற்குப் பிறகு எந்தச் சாணத்தையும் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோவதில்லை.

இப்போது போடுவது செம்பனைக்குப் போடும் நீல மணி உரம், 12:12:17 கலவை. இதையும் அப்படியே தூவக் கூடாது. தண்ணீரில் கரைந்தால் பாசிக்குத்தான் விருந்து. உரம் வேரடியில் போய் அடங்க வேண்டும். செய்தித்தாளில் மடித்துச் சேற்றுக்குள் குத்தி வைப்பார்கள். நான் அப்படி வைத்தபோது பொட்டலம் இரண்டு தடவை பாதியில் பிரிந்துவிட்டது. அம்மாதான் வழி கண்டுபிடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, களிமண்ணைக் கெட்டியாகப் பிசையச் சொன்னார். எலுமிச்சை அளவு எடுத்து, கட்டைவிரலால் நடுவில் குழித்து, சுற்றிச் சுற்றிக் கிண்ணம் போல ஆக்கினார். அதில் ஒரு தேக்கரண்டி உரம். அப்புறம் ஓரங்களை மேலே இழுத்து, கொழுக்கட்டைக்குப் பூரணம் வைத்து மூடுகிற அதே கைவாக்கில் மடித்து, கூம்பாக்கி, உள்ளங்கையில் ஒரு உருட்டு. முப்பது உருண்டை செய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. என்னுடையவை வெடித்தன. "தண்ணி ஜாஸ்தி. மாவு பதம் தெரியாதா உனக்கு?" என்று என் கையிலிருந்து வாங்கித் திருத்தினார். உரத்தைத் தொடுவதால் அவர் கைக்கு உறை மாட்டிவிட்டேன். அது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த உருண்டைகளை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மூடிபோட்ட டின்னில் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை ஒரு பேசினுக்கு 4 உருண்டை. குருத்திலிருந்து நாலு விரல் தள்ளி, சுற்றிலும் நாலு இடத்தில், கை மணிக்கட்டு வரை சேற்றில் இறங்கும்படி அழுத்தி, விரலை எடுத்ததும் துளையை மூடிவிட வேண்டும். மறந்துபோன மாதம் செடியே சொல்லிவிடும்: புது இலை சின்னதாகும், மொட்டு வருவது நிற்கும். உருண்டை வைத்த மூன்றாம் வாரம் மொட்டுகள் வரிசையாகக் கிளம்பும்.

வெயில் இன்னொரு பாடம். அல்லிக்கு நாளுக்கு 5, 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். எங்கள் தொட்டியில் ஒரு பாதிக்குத்தான் அது கிடைக்கிறது. மறுபாதிக்கு மதியத்துக்கு மேல் ரம்புத்தான் நிழல். கிளையை வெட்ட அம்மா விடவில்லை, அதுவும் அப்பா வைத்த மரம். சிவப்பை வெயில் பக்கமும் டாபெனை நிழல் பக்கமும் வைத்ததில் இரண்டும் ஒத்துப்போயின. கூரைத் தண்ணீர்தான் தொந்தரவு செய்தது. எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும், சாயங்காலம் கொட்டினால் அருவிதான். ஓட்டிலிருந்து ஊற்றும் தண்ணீர் நேராக இலைமேல் அடித்து, இலை கிழிந்து, மொட்டு முறிந்தது. அல்லி அசையாத தண்ணீரில் வளரும் சாதி. ஒரு பீலி வைத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பிய பிறகுதான் இலைகள் முழுசாக விரிந்தன. தொட்டியில் நீரூற்று வைக்கலாமா என்று என் அண்ணன் மகன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் ஐந்து வாரம் தண்ணீர் பச்சை நிறமாகவே இருந்தது. அதற்காகத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இலைகள் பரவித் தண்ணீர்ப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை மூடியதும், கீழே வெளிச்சம் குறைந்து பாசி தானாக அடங்கியது. இப்போது அடிமண் தெரிகிறது. வற்றும் தண்ணீருக்கு மழைநீர் ஊற்றுகிறேன். பைப் தண்ணீரானால் குளோரின் போக இரண்டு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றுகிறேன்.

கொசு விஷயத்தில் விளையாட்டு கூடாது. நம் நாட்டில் டெங்கி இல்லாத மாதமே இல்லை. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம், சுகாதார அதிகாரிகள் தெருத் தெருவாக வந்து பார்க்கிறார்கள். தொட்டியில் 10 கப்பி விட்டேன், இப்போது எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிட்டது. ஒரு புழு மிச்சமில்லை. கவனம் தவறும் இடம் தொட்டியே அல்ல. கன்று வளர்க்க வைத்த சின்ன வாளி, செடி கொண்டுவந்த டப்பா, கவிழ்த்து வைக்காத பேசின், இவற்றில்தான் ஏடிஸ் முட்டையிடும். ஒவ்வொரு வாளியிலும் இரண்டு கப்பி விடுவது என் வழக்கமாகிவிட்டது. கொய் மீனோ திலாப்பியாவோ வேண்டாம். மண்ணைக் கிளறும், இளம் இலையைத் தின்னும்.

பூச்சி பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. அசுவினி மொய்த்தால் இலைகளை ஒரு கம்பி வலையால் அழுத்தி அரைநாள் தண்ணீருக்குள் வைத்தால் மீன்கள் பார்த்துக்கொள்ளும். இலையில் முட்டை வடிவத்தில் துண்டு வெட்டி, அதையே போர்வையாக ஒட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு புழு உண்டு. கையால் பொறுக்கினால் தீர்ந்தது. மீன் இருக்கும் தண்ணீரில் பூச்சிமருந்தோ சோப்புத் தண்ணீரோ வேண்டவே வேண்டாம்.

கோண்டாங் நத்தையைத்தான் நான் அஞ்சுகிறேன். வயல்காரர்களைக் கேட்டால் அதன் கதை சொல்வார்கள். சதுப்பிலிருந்து எடுத்த சிவப்பு அல்லியோடு ஒன்று வந்திருக்கிறது; நான் வேரைச் சரியாகக் கழுவவில்லை. ஒரு நாள் காலையில் தொட்டிச் சுவரில், தண்ணீருக்கு மேலே, இளஞ்சிவப்பு ஜவ்வரிசி கொத்தாக ஒட்டியதுபோல முட்டை. அதற்குள் மூன்று குருத்து காலி. முட்டையைச் சுரண்டித் தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் பொரிக்காது. அதைச் செய்தேன். இரவில் டார்ச்லைட் பிடித்து இரண்டு வாரம் தேடி, நாலு நத்தையை எடுத்தேன். வெளியிலிருந்து எந்தச் செடி வந்தாலும் இப்போது ஒரு வாரம் தனி வாளியில் காவல் வைத்த பிறகுதான் தொட்டிக்குள் விடுகிறேன்.

முதல் நீலப் பூ விரிந்த நாள் எனக்கு விடுமுறை. காலை எட்டரைக்கு இதழ்கள் பிரிய ஆரம்பித்தன. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பூ முழுக்க விரிந்ததும் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் பளபளவென்று நீர் நின்றது. முந்தின இரவு மழை இல்லை. அது பூவே சுரந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கொசுத்தேனீ வந்து மகரந்தத் தாளின் உச்சியில் இறங்கியது. தாள் வழவழப்பு, கால் சறுக்கி நேராக அந்த நீரில் விழுந்தது. சிறகை அடித்துப் பார்த்தது, ஏற முடியவில்லை. ஒரு புல்லை நீட்டித் தூக்கிவிட்டேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: முதல் நாள் பூ பெண். வேறு பூவிலிருந்து தேனீ கொண்டுவரும் மகரந்தத்தை அந்த நீர் கழுவி எடுத்துக்கொள்கிறது. மறுநாள் அதே பூ விரியும்போது நீர் இருக்காது. நடுத் தாள்கள் மூடிக்கொண்டு, வெளித் தாள்கள் மகரந்தம் உதிர்க்கும். அன்றிலிருந்து பூ ஆண், தேனீக்கு ஆபத்தில்லை. மூன்று நாலு நாள் இப்படி விரிந்து மூடிவிட்டு, தண்டு வளைந்து பூ தண்ணீருக்குள் போய்விடும். இப்போது எனக்கும் ஒரு பழக்கம்: நீலம் முதல் நாள் விரிந்தால் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, விழுந்து கிடப்பதைத் தூக்கிவிட்டுத்தான் வேறு வேலை.

சிவப்புக்கு நேரம் வேறு. இருட்டும்போது விரிந்து, மறுநாள் காலை 9, 10 மணிக்கு மூடும். பகல் ஷிப்ட் முடிந்து வந்தால் சிவப்பு விரியத் தொடங்கியிருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் சிவப்பு இன்னும் விழித்திருக்கும். குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் நீலம் கண் திறக்கும். இரண்டும் சேர்ந்து விரிந்திருப்பது ஒரு மணி நேரம், நல்ல வெயில் நாளில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அறுவடை உச்சத்தில் மில் ஓய்வில்லாமல் ஓடும் மாதங்களில், அந்த நேரத்துக்காகத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

சிவப்பின் முதல் பூ நாலாம் நாள் தளர்ந்ததும் வெட்டி எறியப் போனேன். அம்மா கை நீட்டி வாங்கிக்கொண்டார். தண்டை ஓர் அங்குலத்தில் ஒடித்து, ஒரு பக்கத்துத் தோல் மட்டும் விடாமல் இழுத்தார். அடுத்த அங்குலத்தை மறுபக்கமாக ஒடித்து இழுத்தார். இப்படியே மாற்றி மாற்றி ஒடிக்க ஒடிக்க, தண்டு இரண்டு சரமாகப் பிரிந்து, அடியில் பூ பதக்கமாகத் தொங்கியது. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் குட்டையருகில் இப்படி மாலை செய்து போட்டுக்கொண்டு, கல்யாண விளையாட்டு விளையாடுவார்களாம். அதை எடுத்துப்போய் அப்பா படத்துக்குப் போட்டார்.

கன்று எடுப்பது டாபெனில் மிக எளிது. முதிர்ந்த இலையின் நடுவில், காம்பு வந்து சேரும் இடத்துக்கு நேர் மேலே, பச்சை முடிச்சு ஒன்று தோன்றி, அதிலிருந்து குட்டி இலைகள் கிளம்பும். குட்டிக்கு வேர் வந்ததும் இலையைக் காம்போடு வெட்டி, 3 அங்குலத் தண்ணீரில் சேற்றின்மேல் படுக்கவைத்து, மிதக்காமல் ஒரு கூழாங்கல்லை ஓரத்தில் வைத்தால் போதும். தாய் இலை மக்கிப்போகும், குட்டி ஊன்றிக்கொள்ளும். சிவப்பில் இப்படி வராது. அதற்கு பேசின் நெருக்கமானதும் கிழங்கைப் பிரிக்க வேண்டும். இதுவரை ஐந்து கன்று கொடுத்துவிட்டேன். மாக்சிக் வீட்டில் ஒன்று, மில்லில் என்னோடு வேலை செய்யும் மூன்று பேருக்கு ஒவ்வொன்று, தமிழ்ப்பள்ளித் தோட்டத்துக்கு ஒன்று. கன்றோடு பத்து உரவுருண்டையும் இரண்டு கப்பியும் சேர்த்துத்தான் கொடுப்பது.

அடுத்து செய்ய வேண்டியது சிவப்புக்குப் பெரிய பேசின். வேர் விளிம்பைத் தாண்டி வந்துவிட்டது, இலைகள் போன மாதத்தைவிடச் சின்னதாகின்றன. அதற்கான களிமண்ணை நேற்று அள்ளிவந்து சாக்கில் வைத்திருக்கிறேன். ஆறாவது கன்றைத்தான் இன்னும் தொடவில்லை. தாய் இலையில் ஒட்டியிருக்கும்போதே, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குட்டிச் செடியில் ஒரு மொட்டு வந்திருக்கிறது. கொண்டைக்கடலை அளவுதான். விரிந்து முடியட்டும், அதுவரை வெட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.